கல் என்றொரு தேதி

ஊரின் பெயரை மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அலுவலகப் பலகை, லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் மாறியாயிற்று. மண்ணுக்குள் கிடக்கிற குடிநீர்க் குழாய்களுக்கு மட்டும் தகவல் போகவில்லை. அவை பழைய துருவோடு பழைய ஊரிலேயே கிடந்தன.

அந்தக் குழாய்களைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் ஆவுடையப்பன் கிளார்க். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து பதினாறு வருஷம். லைன்மேன்கள் கையால் எழுதிவைத்த பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய ஹிந்தி. வருஷா வருஷம் செப்டம்பரில் நடக்கும் ஹிந்தி விழாவில், பேச்சுப் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கியவர். அந்தப் பேச்சுகளை பனாரஸ்காரர் ஒருவரிடம் எழுதி வாங்கி, தமிழ் எழுத்தில் படி எடுத்து, குளிக்கும்போது உருப்போட்டார் என்பது அவர் மனைவி விஜயகுமாரிக்கு மட்டும் தெரியும். அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் ஒரு பண்டிதர்.

பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவது எதற்கு என்றால், நீர் தர்ப்பண் என்ற திட்டத்துக்கு. தர்ப்பண் என்றால் ஹிந்தியில் கண்ணாடியாம். தமிழ் ஊழியர்கள் தங்களுக்குள் அதைத் தர்ப்பணம் என்றே சொல்லிக்கொண்டார்கள். மெயின்லேண்டிலிருந்து மூன்று பேர் விமானத்தில் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவுக்குப் போய் கடலில் மூழ்கி மீன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கணக்கு இதுதான்: ஒவ்வொரு குழாயின் ஒவ்வொரு ஜாயிண்டும் எப்போது பழுதானது, எப்போது சரிசெய்யப்பட்டது என்று ஏற்றினால், எந்தக் குழாயை முதலில் மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். நல்ல குழாய் பச்சை, கெட்டது சிவப்பு.

டெய்ரி ஃபார்ம் என்ற குடியிருப்புப் பகுதிக்குப் போகும் லைனின் பதிவேட்டை எழுதியவர் முனியாண்டி. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது வரை ஹிந்தியில் படித்தவர். தினக்கூலி லைன்மேனாகப் பத்தொன்பது வருஷம். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் ராஞ்சிக்காரர், அதற்கடுத்தவர் வங்காளி. மூவருக்கும் பொதுவான மொழி ஹிந்திதான் என்பதால் பதிவேடும் ஹிந்தி. முனியாண்டிக்குப் பேனா பிடிப்பது பிடிக்காது. வாக்கியத்தில் வினைச்சொல் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவார். "டேங்குக்குக் கீழே, மூணாவது ஜாயிண்ட். லீக். காலர். கல்." அவ்வளவுதான். காலர் என்பது இரண்டு குழாய் சேருமிடத்தில் போல்ட் போட்டு இறுக்கும் இரும்பு வளையம்.

தமிழனுக்குக் கல் என்றால் கல். ஹிந்திக்காரனுக்குக் கல் என்றால் நேற்று. நாளை என்றாலும் கல்தான். எது என்று வினைச்சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முனியாண்டியிடம் வினைச்சொல் கிடையாது.

முதல் கல்லைப் பார்த்தபோது ஆவுடையப்பன் நிறுத்தி யோசித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நேற்று மாற்றினானா, நாளைக்கு மாற்றப்போகிறானா? ஒரு போன் போட்டால் தெரிந்திருக்கும். ஆனால் மூன்று முறை பரிசு வாங்கியவர் எட்டாங்கிளாஸ் லைன்மேனிடம் ஹிந்திக்கு அர்த்தம் கேட்பது எப்படி? அதைவிட இன்னொன்றும் இருந்தது. கம்ப்யூட்டரில் "செய்ய வேண்டியது" என்று போட்டால் ஐந்து கட்டங்கள் திறந்துகொண்டன: காரணம், ஆழம், மதிப்பீடு, புகைப்படம், பொறுப்பு அதிகாரி. ஐந்தையும் நிரப்பாமல் அது நகராது. "முடிந்தது" என்று போட்டால் ஒரு பச்சை டிக்கோடு அடுத்த வரிக்கு வழிவிட்டது. திட்டத்தின் தொடக்க விழாவுக்கு நாலு நாள் இருந்தது. நானூறு பக்கம் இருந்தது.

நேற்று என்று முடிவு செய்தார். முதல் கல் நேற்று ஆன பிறகு மற்ற கற்கள் தாமாகவே நேற்று ஆயின.

உண்மையில் முனியாண்டி எழுதியதெல்லாம் நாளை. காலர் கப்பலில் வர வேண்டும். கப்பலில் எல்லாம் வந்தது, காலர் வரவில்லை. அதனால் அவர் கசிகிற இடத்தில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிவிட்டு, நாளை மாற்றணும் என்று எழுதுவார். அடுத்த மாதம் அதே இடம் கசியும். மறுபடி நாளை. மூணாவது ஜாயிண்ட்டுக்கு மட்டும் ஒரே வருஷத்தில் ஏழு நாளை இருந்தது. கம்ப்யூட்டர் அதை, ஒரே வருஷத்தில் ஏழு முறை புதுப்பிக்கப்பட்ட ஜாயிண்ட் என்று எடுத்துக்கொண்டது. எந்த இடம் அதிகம் ஒழுகியதோ அந்த இடம் அதிகம் பச்சையாயிற்று.

விழா சிறப்பாக நடந்தது. செயற்பொறியாளர் சிவப்பிரகாசம் சுவரளவு திரைக்கு முன் நின்று, இனிமேல் மனிதர்கள் முடிவெடுக்க மாட்டார்கள், டேட்டா முடிவெடுக்கும் என்றார். அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்தான் என்றாலும் அன்று தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. திரையில் டெய்ரி ஃபார்ம் லைன் வெற்றிலைக் கொடிபோல் மின்னியது. மரைன் ஹில் சிவந்து கிடந்தது. மரைன் ஹில்லில் அதிகாரிகள் குடியிருக்கிறார்கள். குழாயில் காற்று வந்தால்கூட போட்டோவோடு ஈமெயில் போடுவார்கள். டெய்ரி ஃபார்ம் மக்கள் குடத்தோடு வந்து திட்டுவார்கள். திட்டை ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை.

எனவே, கப்பலில் கடைசியில் வந்து இறங்கிய புதுக் குழாய்கள் மரைன் ஹில்லுக்குப் போயின. அங்கே தோண்டி எடுத்த பழைய குழாயின் காலர்களைத் தட்டிப் பார்த்த முனியாண்டி, இன்னும் இருபது வருஷம் ஓடுமே என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. ஆவுடையப்பன் காதிலும் அது விழுந்தது. அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினார். வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

மார்ச் மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் காலத்தில், டெய்ரி ஃபார்ம் லைனில் அந்த மூணாவது ஜாயிண்ட் வெடித்தது. மூன்று நாள் சேர்த்துவைத்த தண்ணீர் ரோட்டில் ஓடிச் சாக்கடையில் கலந்தது. அணையில் இருந்ததே கொஞ்சம். அடுத்த ஆறு நாள் அந்தப் பக்கம் குழாயில் சொட்டு இல்லை. ஆவுடையப்பன் வீடும் அங்கேதான். விஜயகுமாரி டேங்கர் வரிசையில் நின்றாள். அவரும் ஒரு பக்கெட்டோடு பின்னால் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஆபீஸ்காரர் என்று வழிவிட்டார்கள். அந்த மரியாதையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜாயிண்டைத் தோண்டியவர்களுக்குப் புதுக் காலர் எதுவும் கிடைக்கவில்லை. கிழட்டு இரும்பும் அழுகிய டியூப் ரப்பரும்தான். சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு இடம் தோண்டினார்கள். அங்கேயும் அதே. கம்ப்யூட்டரோ பன்னிரண்டு ஜாயிண்டில் காலர் மாற்றப்பட்டதாகத் தேதியோடு சொல்லிற்று. கம்ப்யூட்டர் சொல்வதும் இரும்பு சொல்வதும் வேறானால் நம் அலுவலகங்களில் மனிதனுக்கு மெமோ கொடுப்பது வழக்கம். செய்யாத வேலையைச் செய்ததாகப் பதிந்ததற்கு ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று முனியாண்டிக்கு மெமோ போனது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. அது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியாண்டி ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் இரண்டு கேன் தண்ணீர். பம்ப் ஹவுஸில் பிடித்து, மேட்டில் சுமந்து கொண்டுவந்திருந்தார். சட்டைப்பையில் மெமோ. அது இங்கிலீஷில் இருந்தது.

"நாந்தான் எதையோ தப்பா எழுதிப்புட்டேன் போல, சார். எட்டாங் கிளாஸ் படிப்புத்தானே. நீங்க பாத்து ஒரு பதிலு எழுதிக் குடுங்க. நமக்கு இது ஏலாது."

ஆவுடையப்பன் அவரை உட்காரச் சொன்னார். விஜயகுமாரி அந்தத் தண்ணீரிலேயே காப்பி போட்டுக் கொடுத்தாள். முனியாண்டி மெதுவாகக் குடித்துவிட்டு, பொண்ணு காலேஜில் சேரப்போகிறாள், அப்பா வேலை என்ன என்று கேட்கும் கட்டத்தில் இந்த முறையாவது தினக்கூலி என்று எழுத வேண்டாமென்று இருந்தோம் என்று, குறையாக இல்லாமல், தகவலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் எழுத ஆவுடையப்பன் பகல் முழுக்க உட்கார்ந்தார். எழுதியதை விஜயகுமாரி எடுத்துப் படித்தாள். எனது அறியாமையால் நேர்ந்த பிழையை மன்னித்து, என்று தொடங்கியது.

"அறியாமைன்னு எழுதிருக்கியளே, யார் அறியாம?" என்றாள்.

அவர் அப்போதுதான் அவளிடம் முழுவதையும் சொன்னார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மீதியிருந்த ஒரு கேனைத் தூக்கி அவர் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல குளிச்சிட்டு ஆபீசுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை அவர் குளிக்காமல் போனார்.

பழைய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிவப்பிரகாசத்தின் அறைக்குள் நுழைந்தபோது, எங்கே ஆரம்பிப்பது என்று உருப்போட்டு வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. கல் என்றால் இரண்டு அர்த்தம் சார் என்று தொடங்கினார். செயற்பொறியாளர் தமிழ் இலக்கணம் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு புரிந்துகொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டத்துல தப்பு இருக்குன்னு சொல்றீங்களா?"

"சிஸ்டத்துல இல்ல சார். என்கிட்ட."

"நீங்க ஏத்துனதுதான்யா சிஸ்டம்."

சிவப்பிரகாசம் வாழ்நாளில் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அதுவாக இருக்கலாம். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மனைவிக்கு என்றார் ஆவுடையப்பன். வியாழக்கிழமை தான் டெல்லியில் நீர் தர்ப்பணைப் பற்றிப் பேசப்போவதை சிவப்பிரகாசம் நினைவூட்டினார். டெய்ரி ஃபார்ம் லைன்தான் அதில் பதினோராவது ஸ்லைடு, பராமரிப்புக்கு முன்மாதிரி. நானூறு பக்கத்தையும் திரும்பச் சரிபார்ப்பதென்றால் முன்மாதிரி என்ன, மாதிரியே மிஞ்சாது. அதோடு, ஹிந்திப் பண்டிதருக்கு நேற்றும் நாளையும் தெரியவில்லை என்று ஃபைலில் எழுதினால், பரிசு கொடுத்த அலுவலகத்துக்கும் அவமானம்.

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஒரு வழி யோசித்தார். யோசித்து முடித்தபோது அவர் முகத்தில் ஒரு கருணை கூட வந்திருந்தது. காலர்கள் மாற்றப்பட்டது உண்மை. ஆனால் கடல் உப்புக்காற்றாலும் மண்ணின் தன்மையாலும் அவை காலத்துக்கு முன்பே முதுமையடைந்துவிட்டன. அப்படி ஒரு அறிக்கை. பன்னிரண்டு காலரையும் நான்தான் மாற்றினேன் என்று முனியாண்டி கையெழுத்துப் போட்டால் மெமோ வாபஸ். நிரந்தர ஃபைல் அன்றே கிளம்பும். புதன்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். எட்டு மாதத்தில் கிழடான இரும்பு உலகத்தில் எங்கே உண்டு என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவருக்கு மூச்சு லேசாக வந்தது. லேசாக வந்ததைக் கவனித்து வெட்கப்பட்டார்.

காகிதத்தோடு பம்ப் ஹவுஸுக்குப் போனார். முனியாண்டி வால்வுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, எங்கே போடணும் சார் என்று பேனாவுக்குக் கை நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆவுடையப்பன் ஏதாவது சமாளித்திருப்பார். கேட்காததுதான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டார். மெமோ, கல், ஐந்து கட்டம், பச்சை டிக், உப்புக்காற்று, எல்லாம்.

முனியாண்டி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வால்வின் மேல் வழிந்த கிரீஸைத் துணியால் துடைத்தார்.

"அந்த ஹிந்திக் கப்பு வீட்டுல ஷோகேஸ்லதான் வச்சிருக்கீங்களா சார்?"

ஆமாம் என்றார் ஆவுடையப்பன்.

"நல்லா தொடச்சி வைங்க." பிறகு குரல் மாறியது. "ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நான் என்ன, எடுக்காமயா இருப்பேன்?"

முனியாண்டி ஆவுடையப்பன் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என்னாகும்? அந்த எடத்துல எல்லாம் புதுசு கெடக்குன்னு ஆகும். இனிமே எவனும் தோண்ட மாட்டான். நாளைக்கு வெடிச்சா, முனியாண்டி மாத்துனதுதானேன்னு சொல்லுவாங்க. போடலன்னா வேல போச்சு. அப்படித்தானே எஞ்சினியர் சாப் கணக்கு?"

அப்படித்தான் என்று ஆவுடையப்பன் ஒத்துக்கொண்டார். முனியாண்டி காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாற்றிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். ஆவுடையப்பனும் லீவு போட்டுவிட்டுக் கூட வர வேண்டும் என்றார். கேட்கிற தொனியில் இல்லை.

மரைன் ஹில் குழாய்களோடு கப்பலில் வந்த காலர் ஸ்டோரில் இருந்தது. கொடுக்க முடியாது என்றார்கள். கம்ப்யூட்டர்படி டெய்ரி ஃபார்மில் எல்லாம் புதுசு, அடுத்த மாற்றம் இரண்டாயிரத்து அறுபத்தைந்தில். அதற்கு முன் கேட்டால் ஏன் என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஸ்டோர்க்காரர் நல்ல மனிதர். அப்போது வந்து வாங்கிக்கோங்க என்றார். வெடித்த ஜாயிண்டுக்கு அவசரச் செலவில் புதுத் துண்டு போட்டிருந்தார்கள். மீதி பதினொன்று.

மரைன் ஹில்லில் தோண்டிப்போட்ட பழைய குழாய்கள் ரோட்டோரத்தில் இன்னும் கிடந்தன. அதே அளவு. முனியாண்டி சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துப் பார்த்தார். கான்ட்ராக்டர் ஆட்கள் எடுக்கும்போது பாதியை உடைத்துவிட்டிருந்தார்கள். பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கொண்டுபோயிருந்தார். முழுசாக ஏழு தேறியது. ரப்பர் வளையம் பஜாரில் வாங்கினார்கள்.

செவ்வாயும் புதனும் தோண்டினார்கள். ஆவுடையப்பனுக்கு மண்வெட்டி பிடித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. முதல் குழியிலேயே உள்ளங்கை கொப்புளித்தது. முனியாண்டி அதைப் பார்த்தார், மண்வெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் காட்டினார். குடத்தோடு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஆபீஸ்காரரே குழிக்குள் இறங்கியிருப்பதால் நிலைமை ரொம்ப மோசம் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

புதன் மாலை நாலரை மணிக்கு ஏழாவது காலரின் கடைசி போல்ட்டை இறுக்கி முடித்தார்கள். ஆபீஸ் ஐந்துக்குப் பூட்டும். முனியாண்டி குழி மேட்டில் உட்கார்ந்து, காகிதத்தைத் தொடைமேல் விரித்தார். பன்னிரண்டு என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். ஆவுடையப்பன் விரலால் காட்டினார்.

"பொண்ணுக்காகப் போடுறேன்," என்றார். "இதுல நாலு பொய் இருக்கு. அத நான் சொமக்க மாட்டேன். அந்த நாலும் உங்களது."

கையெழுத்துப் போட்டார். ஹிந்தியில்தான், முழுப் பெயரையும்.

நிரந்தர உத்தரவு ஏப்ரலில் வந்தது. பதினோராவது ஸ்லைடுக்குக் கைதட்டல் கிடைத்ததாக சிவப்பிரகாசம் வந்து சொன்னார். பதிவேடு எழுதுபவர்கள் இனி கல் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நானூறு பக்கத்தில் மற்ற லைன்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆவுடையப்பன் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக லைன்மேன்களுக்குப் போன் போட்டு, நேற்றா நாளையா என்று கேட்கிறார். முப்பத்தெட்டு பக்கம் முடிந்திருக்கிறது. பண்டிதருக்கு என்ன ஆச்சு என்று அவர்கள் சிரிக்கிறார்கள். முனியாண்டி இப்போது அவரைப் பார்த்தால் தலையசைக்கிறார். சார் என்பதில்லை.

அந்த நாலு ஜாயிண்டும் ஆவுடையப்பன் ஆபீஸ் போகும் வழியில்தான் இருக்கின்றன. ஒன்று பேக்கரி வாசலில், ஒன்று மளிகைக் கடைத் திருப்பத்தில், இரண்டு ஏற்றத்தில். ஏப்ரல் வரை பிரச்சினை இல்லை. மண் காய்ந்திருந்தால் காலர் பிழைத்திருக்கிறது. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. இப்போது எல்லா மண்ணும் ஈரம். அதனால் ஒவ்வொரு இடத்திலும் குடையோடு குனிந்து, ஈர மண்ணை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். குளோரின் வாசம் அடிக்கவில்லை என்றால் அது மழைத் தண்ணீர். நடக்கிறார். அடுத்த இடத்தில் மறுபடி குனிகிறார்.

பார்க்கிறவர்களுக்கு அவர் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் இருக்கிறது. பேக்கரி வாசலில் போன வாரம் யாரோ ஒரு அம்மா அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனதை விஜயகுமாரி பார்த்திருக்கிறாள். வந்து சொன்னாள். அவளும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.